மகளிர் இரட்டையர் ஆட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? மகளுக்கு எந்த மேட்ச் காட்டலாம்?

கோவை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. நான்கு வருடமாக அகாடமி வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். மகளுக்கு இப்போது 14 வயது. போன மாதம் ஒரு டோர்னமென்டில் ஒற்றையரில் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டாள். ஆனால் இரட்டையரில் அவளும், அவளோடு பயிற்சி எடுக்கும் இன்னொரு பெண்ணும் அரையிறுதி வரை போனார்கள். வீட்டுக்கு வந்து நான் சந்தோஷமாக அதைச் சொன்னபோது சொந்தக்காரர் ஒருவர் "ஓ, டபுள்ஸா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவள் முகம் வாடிப்போனது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் "முதல் ரவுண்டுல தோத்துட்டேன்" என்று மட்டும்தான் சொல்கிறாள், அரையிறுதியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இந்த வருடம் இரண்டையும் ஆடட்டும் என்கிறார் கோச். ஒற்றையரில் சரியாக வராதவர்கள்தான் இரட்டையருக்குப் போவார்கள், அதில் நேரத்தை விட வேண்டாம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். பார்ட்னர் சர்வ் போடும்போது இவள் நெட்டுக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நிற்கிறாள். கேட்டால் "அங்க நின்னு என்ன செய்யறதுன்னே தெரியலம்மா, பந்து என்கிட்ட வந்தா அடிப்பேன்" என்கிறாள். உயரமும் கொஞ்சம் குறைவு, சர்வீஸில் வேகமும் கிடையாது. அவளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நல்ல மகளிர் இரட்டையர் மேட்ச் ஒன்று சொல்லுங்கள். நான் பார்க்க முயன்றபோது நாலு பேரும் எதற்கு எங்கே ஓடுகிறார்கள் என்றே புரியவில்லை.

நுங்கம்பாக்கம் கேலரி:

அக்கா, முதலில் உங்கள் பெண்ணுக்கு என் வாழ்த்துகள். அரையிறுதி அரையிறுதிதான், அதை அவள் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நானும் உங்கள் கணவர் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவன்தான். 2022 செப்டம்பரில் சென்னை ஓப்பன் மகளிர் போட்டி நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்தபோது ஒற்றையர் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினேன். அந்த வருடம் ஒற்றையர் கோப்பையை செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா வாங்கினார், அப்போது அவருக்கு 17 வயது. நல்ல ஆட்டம்தான். ஆனால் எனக்கு இன்றுவரை மனதில் நிற்பது இரட்டையர்தான். கனடாவின் கேப்ரியேலா டாப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் ஒரு பக்கம், அன்னா பிளிங்கோவாவும் நடேலா சலமிட்சேவும் மறுபக்கம். இறுதி ஆட்டத்தில் டாப்ரோவ்ஸ்கி ஜோடி 6-1, 6-2 என்று வென்றது. ஸ்கோரைப் பார்த்தால் ஒருதலையாகத் தெரியும், ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கதை அன்று எனக்கு முழுசாகத் தெரியாது, வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டாப்ரோவ்ஸ்கியும் ஸ்டெஃபானியும் 2021 யு.எஸ். ஓப்பன் அரையிறுதி வரை போயிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் முதல் செட் 6-6 ஆகி டைபிரேக் நடந்தபோது ஸ்டெஃபானியின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. சக்கர நாற்காலியில்தான் கோர்ட்டை விட்டு வெளியே போனார். அறுவை சிகிச்சை, அப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருடம் போட்டியே கிடையாது. திரும்பி வந்து அவர் ஆடிய முதல் போட்டி எது தெரியுமா? நம் சென்னை. அதே பார்ட்னரோடு. முதல் வாரத்திலேயே கோப்பை. ஒரு வருடம் ஆடாதவரோடு திரும்பச் சேர்ந்து ஆட டாப்ரோவ்ஸ்கி வந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஒற்றையரில் இப்படி ஒன்றைப் பார்க்கவே முடியாது, அங்கே காயம் பட்டாலும் திரும்பி வந்தாலும் தனியாகத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான்கே மாதம் கழித்து 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டத்தில் சானியா மிர்சாவும் ரோஹன் போபண்ணாவும் ஆடினார்களே, சானியாவின் கடைசி கிராண்ட் ஸ்லாம் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று), அதில் அவர்களைத் தோற்கடித்தது இதே ஸ்டெஃபானியும் அவருடைய நாட்டுக்காரர் ரஃபேல் மாடோஸும்தான். அதுபோல டாப்ரோவ்ஸ்கி 2017ல் பிரெஞ்ச் ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்றது நம் போபண்ணாவோடு. இந்த உலகம் சின்னது, எல்லோரும் எல்லோரோடும் என்றாவது ஒருநாள் ஆடியிருப்பார்கள்.

பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். எனக்கு அன்று பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாத ஆளைப் பார். பத்து நிமிடம் சர்வ் போடுகிறவரின் பார்ட்னரை மட்டும் பார்த்தேன், கண் திறந்த மாதிரி இருந்தது.

பழைய கோச்:

அம்மா, கேலரி தம்பி சொன்ன கடைசி வரிதான் உங்கள் மகளுக்குத் தேவையான முதல் பாடம். நான் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நெட்டில் சிலையாக நிற்காத 14 வயதுப் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் கவலை வேண்டாம்.

ஒற்றையர் கோர்ட் 27 அடி அகலம், இரட்டையருக்கு இரண்டு பக்கமும் நாலரை நாலரை அடி சேர்ந்து 36 அடி. ஆள் இரண்டு மடங்கு, ஆனால் அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதனால் காலி இடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, எதிராளியை நகர வைத்துத்தான் இடத்தை உண்டாக்க வேண்டும். நெட்டில் நிற்கிறவரின் வேலையே அதுதான். பந்து வந்தால் அடிப்பது வேலையில் பாதிதான், மீதிப் பாதி ரிட்டர்ன் போடுகிறவரின் மனதில் "இவள் இப்போது குறுக்கே வருவாளா மாட்டாளா" என்ற சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டே இருப்பது. அந்தச் சந்தேகத்தில் பந்தை ரொம்பக் கோணமாக அடிக்கப் போய் வெளியே அடித்துவிடுவார்கள். அந்தப் பாயிண்ட் உங்கள் மகள் பந்தைத் தொடாமலே எடுத்த பாயிண்ட்.

அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பார்ட்னர் சர்வ் போடும்போது திரும்பிப் பின்னால் பார்க்கவே கூடாது. எதிராளியின் ராக்கெட்டை மட்டும் பார்க்க வேண்டும். அவர் அடிக்கப் போகும் நொடியில் ஒரு சின்னக் குதி, இரண்டு காலும் தரையில், உடம்பு முன்னால். சர்வ் நடுக்கோட்டுப் பக்கம் போனால் ரிட்டர்னுக்குக் கோணம் கிடைக்காது, அது பெரும்பாலும் நடுவிலேதான் வரும், தைரியமாகக் குறுக்கே போகலாம். சர்வ் வெளிப்பக்கம் போனால் தன் பக்கத்து டிராம்லைனை, அதாவது ஓரத்தில் கூடுதலாக வரும் அந்த நாலரை அடிப் பட்டையை, காக்க வேண்டும். குறுக்கே போக முடிவு செய்தால் பாதியில் நிற்கக் கூடாது, போனால் போனதுதான், பின்னால் இருக்கிற பார்ட்னர் காலியான பக்கத்துக்கு மாறிக்கொள்வார். ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை டிராம்லைன் வழியாகப் பந்து போய்விடும். போகட்டும், அதற்காக யாரும் அவளைத் திட்டக் கூடாது, முக்கியமாக கேலரியில் இருக்கும் பெற்றோர்.

உயரமும் சர்வீஸும் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அதற்கு நான் சொல்லும் ஒரே மேட்ச் 2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் இரட்டையர் இறுதி ஆட்டம். இத்தாலியின் சாரா எரானி, ஜாஸ்மின் பாவ்லினி. இருவருமே 165 சென்டிமீட்டர் கூட இல்லை. எரானிக்கு அப்போது 37 வயது, அவருடைய சர்வீஸ் டூரிலேயே மெதுவானவற்றில் ஒன்று, சில சமயம் கீழே இருந்து கூடப் போடுவார். எதிரே மிர்ரா ஆண்ட்ரீவாவும் டயானா ஷ்னைடரும். ஆண்ட்ரீவாவுக்கு 17 வயது. முதல் செட் 2-6 என்று இத்தாலிக்காரர்கள் இழந்தார்கள். இரண்டாவது 6-1. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டைபிரேக், அதில் 10-7. டென்னிஸில் இத்தாலிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. நான்கு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் கோப்பைகளையும் முன்பே ராபர்ட்டா வின்சியோடு வாங்கி வைத்திருந்த எரானிக்கு ஒலிம்பிக் தங்கம்தான் பாக்கியாக இருந்தது. அடுத்த வருடம் இதே ஜோடி பிரெஞ்ச் ஓப்பனையும் வென்றது.

அந்த மேட்சில் எரானியின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் இல்லாத சர்வை வைத்துக்கொண்டு எங்கே போட வேண்டும், எதிராளியின் தலைக்கு மேலே போகும் லாபை எப்போது தூக்க வேண்டும், பார்ட்னரை எப்படி முன்னால் அனுப்ப வேண்டும் என்று அவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்.

ஹைதராபாத் தமிழன்:

பாரிஸ் மேட்ச் நல்லதுதான், ஆனால் 2015 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை எப்படி முடிப்பது? சானியா மிர்சா, மார்டினா ஹிங்கிஸ் ஒரு பக்கம். ரஷ்யாவின் எகாடெரினா மகரோவா, எலெனா வெஸ்னினா மறுபக்கம், அவர்கள் ஏற்கெனவே பிரெஞ்ச் ஓப்பனும் யு.எஸ். ஓப்பனும் வாங்கியவர்கள், லேசான ஆட்கள் இல்லை. முதல் செட் 5-7 போய்விட்டது. இரண்டாவது டைபிரேக்கில் கிடைத்தது. மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி இருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அங்கிருந்து 5-5. வெளிச்சம் குறைந்துவிட்டது என்று ஆட்டத்தை நிறுத்தி சென்டர் கோர்ட்டின் கூரையை மூடி விளக்கைப் போட்டார்கள். திரும்பி வந்ததும் அடுத்த இரண்டு கேமையும் எடுத்து 7-5. மகளிர் இரட்டையரில் ஒரு இந்தியப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் கிராண்ட் ஸ்லாம்.

இந்த ஆட்டத்தை ஏன் சொல்கிறேன் என்றால் இருவரின் வேலைப் பிரிவு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் இருந்து சானியாவின் ஃபோர்ஹேண்ட் எதிராளிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தும், தளர்ந்து வரும் பந்தை முன்னால் ஹிங்கிஸ் முடித்துவிடுவார். ஒருவருக்கு இல்லாதது இன்னொருவரிடம் இருந்தது. அதற்கப்புறம் அந்த ஆண்டு யு.எஸ். ஓப்பன், சிங்கப்பூரில் ஆண்டு இறுதிப் போட்டி, 2016 ஆஸ்திரேலிய ஓப்பன் என்று தொடர்ந்து வென்று, இடையில் 41 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் போனார்கள்.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். சானியா விம்பிள்டனில் முதன்முதலில் கோப்பையைத் தூக்கியது 2003ல், ஜூனியர் பெண்கள் பிரிவில், அதுவும் இரட்டையரில்தான். அப்போது அவருக்கு 16 வயது.

நேர்வகிடு:

எல்லோரும் உற்சாகமாக எழுதுவது சந்தோஷம், ஆனால் அந்த அம்மா ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பணம் பெரிய வித்தியாசம். மேலே சொன்ன அதே 2015 விம்பிள்டனில் ஒற்றையர் கோப்பைக்கு 18 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு, இரட்டையர் கோப்பைக்கு 3 லட்சத்து 40 ஆயிரம், அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். உச்சியில் இருப்பவர்களுக்கே இப்படி என்றால் கீழ்மட்டப் போட்டிகளில் இரட்டையரில் கிடைப்பது பயணச் செலவுக்குக் கூடப் போதாது. சானியாவும் எடுத்த எடுப்பில் இரட்டையருக்குப் போகவில்லை, 2007ல் ஒற்றையரில் உலகின் 27வது இடம் வரை வந்தவர். மணிக்கட்டுக் காயங்கள் படுத்திய பாட்டில்தான் பிறகு ஒற்றையரை விட்டார். ஆக 14 வயதில் இரட்டையர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை. ஒற்றையரில் வராதவர்கள்தான் இங்கே வருகிறார்கள் என்றால் செக் நாட்டு பார்போரா கிரெய்ச்சிகோவாவை எங்கே வைப்பது? இரட்டையரில் உலகின் முதலிடம் வரை போன பிறகுதான் ஒற்றையரில் பெரிய பெயர் வாங்கினார். 2021 பிரெஞ்ச் ஓப்பனில் ஒரே வாரக் கடைசியில் ஒற்றையர், இரட்டையர் இரண்டு கோப்பையும் அவருக்கே. 2024ல் விம்பிள்டன் ஒற்றையர். பாவ்லினி அதே 2024ல் பிரெஞ்ச் ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை போனவர். ரிட்டர்ன், வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது), நெருக்கடியில் ஒரு பாயிண்டை எப்படி எடுப்பது, இதெல்லாம் இரட்டையரில் கற்றுக்கொண்டு ஒற்றையருக்கு எடுத்துப்போகிறார்கள். கோச் சொல்கிற மாதிரி இரண்டும் ஆடட்டும்.

உங்கள் ஊர்க்காரர் நிருபமா வைத்தியநாதனைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்றை வென்றபோது, 1968க்குப் பிந்தைய ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். கோவையில் இருந்து போனவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கோச்:

நேர்வகிடு சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரு சின்னச் சேர்க்கை. டிவியில் பார்க்கும்போது ஸ்கோர் குழப்பும், அதனால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கிராண்ட் ஸ்லாம் தவிர்த்த டூர் போட்டிகளில் இரட்டையருக்கு டியூஸ், அதாவது 40-40 வந்தால், தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுக்க வேண்டிய அட்வான்டேஜ் முறை கிடையாது, அடுத்த ஒரே பாயிண்டில் கேம் முடிந்துவிடும். அந்தப் பாயிண்டை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று ரிட்டர்ன் ஜோடிதான் முடிவு செய்யும். செட் ஒன்றுக்கு ஒன்று ஆனால் மூன்றாவது செட் கிடையாது, பத்து பாயிண்ட் டைபிரேக், நம் பிள்ளைகள் சூப்பர் டைபிரேக் என்பார்களே அதுதான். ரேங்கிங் புள்ளி ஜோடிக்குக் கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஜோடியாகப் பெயர் கொடுக்கும்போது இருவரின் ரேங்கையும் கூட்டிப் பார்த்துத்தான் போட்டியில் சேர்ப்பார்கள். அதனால்தான் நல்ல ரேங்க் உள்ளவர் தன்னைவிடக் கீழே இருப்பவரோடு ஜோடி சேர்ந்தால் அது அவர் வைக்கும் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோவை அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக இதே வேலைதான். பாரிஸ் மேட்சை நானும் அவளும் பார்த்தோம், பாதியில் அவளுடைய அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். சூப்பர் டைபிரேக் வந்தபோது அவர்தான் எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் நெட்டில் நிற்கிறவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலால் ஏதோ காட்டுகிறார், சில நேரம் இருவரும் வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது என்ன என்று கேட்கிறாள்.

பழைய கோச்:

சபாஷ், 14 வயதில் அதைக் கவனித்திருக்கிறாளே! அது சர்வ் எங்கே போட வேண்டும், தான் குறுக்கே போகப் போகிறேனா இல்லையா என்று பார்ட்னருக்குச் சொல்லும் குறி. உலகம் முழுக்க ஒரே குறி என்று கிடையாது, ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வார்கள். பொதுவாக விரித்த கை என்றால் குறுக்கே போகிறேன், மூடிய கை என்றால் இங்கேயே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இவர்களும் அப்படியே ஆரம்பிக்கலாம். குறி காட்டிவிட்டால் சிலை மாதிரி நிற்கவே முடியாது, ஏனென்றால் சொன்னதைச் செய்தாக வேண்டும்.

நுங்கம்பாக்கம் கேலரி:

அப்படியே அந்தப் பார்ட்னர் பெண்ணையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இருவருமாகச் சேர்ந்து ஒரு மேட்ச் பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. ஒருத்தி மட்டும் பார்த்தால் பாதிதான்.

கோவை அம்மா:

நேற்று சாயங்காலமே அந்தப் பெண் வந்துவிட்டாள் தம்பி. 2015 விம்பிள்டனை மூன்றாவது செட் வரை பார்த்துவிட்டு, 2-5 வந்ததும் நிறுத்திவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு இருவரும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் பந்தும் இல்லை, நெட்டும் இல்லை, ஒருத்தி சர்வ் போடுகிற மாதிரி நிற்கிறாள், இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் கையை விரித்து மூடி விரித்து மூடிக் குறி காட்டிக்கொண்டிருக்கிறாள். மூடிய கையைக் காட்டிவிட்டு மறந்துபோய்க் குறுக்கே ஓடியதற்கு ஒரு சண்டை வேறு. வரும் சனிக்கிழமை ஒரு சின்னப் போட்டி இருக்கிறது, இரண்டு பிரிவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். பணம் கட்டியது அவளுடைய அப்பா.